வீட்டுக் கண்காணிப்பு கேமரா: முதலில் பார்க்க வேண்டியது பதிவுப் பெட்டி

மதுரையில் பெற்றோர் இருக்கும் வீட்டின் பழைய கண்காணிப்பு கேமராக்களை மாற்றுவதற்காக விசாரித்த கடைகளிலெல்லாம், எத்தனை மெகாபிக்சல், இரவில் கலரில் தெரியுமா, கைப்பேசியில் பார்க்கலாமா என்பதைச் சுற்றியே பேச்சு நடந்தது. பதிவு எங்கே சேரும், எத்தனை நாள் நிற்கும் என்று நாமாகக் கேட்டால்தான் பதில் வருகிறது. கேமராவை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஏதாவது நடந்த பிறகுதான் தேடுகிறோம். ஆகவே பதிவு அமைப்பை முடிவு செய்துவிட்டுக் கேமராவுக்கு வருவதே சரி என்பது என் எண்ணம்.

வாடகை வீட்டுக்கும், வாசலுக்கு ஒரு கேமரா போதும் என்பவர்களுக்கும் மெமரி கார்டு போட்ட வைஃபை கேமராவே ஏற்றது. ஆனால் பதிவு கேமராவுக்குள்ளேயே இருப்பதால், அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் சேர்ந்து போய்விடும். சந்தா கட்டி கிளவுடில் சேமித்தால் அந்தக் கவலை இல்லை. இணையம் நின்றுபோன நேரத்துப் படம் மட்டும் அங்கே போய்ச் சேராது.

நான்கைந்து கேமராக்கள் என்று வந்துவிட்டால் பதிவுப் பெட்டி டிவிஆரா என்விஆரா என்பதுதான் கேள்வி. டிவிஆரில் அனலாக் கேமரா படத்தை அனுப்ப, அதைச் சுருக்கிச் சேமிக்கும் வேலையைப் பெட்டி செய்கிறது. ‘3+1’ என்று கேமரா மாட்டுபவர்கள் சொல்லும் கேபிளிலேயே படமும் 12 வோல்ட் மின்சாரமும் ஓடும். என்விஆரில், கணினிபோல நெட்வொர்க்கில் இணையும் ஐபி கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்பிவிடும். பிஓஇ வசதி இருந்தால் ஒரே கேட் 6 நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை செல்லும். புது வீடு கட்டுகிறவர்கள் தயங்காமல் கேட் 6 இழுத்து என்விஆர் வாங்கலாம். எங்கள் வீட்டிலோ சுவருக்குள் 3+1 கேபிள் நல்ல நிலையில் இருந்ததால், அதற்காகச் சுவரை உடைக்க மனம் வராமல் டிவிஆரிலேயே நின்றோம். இப்போதைய டிவிஆர்களில் பல ஓரிரு ஐபி கேமராக்களையும் ஏற்றுக்கொள்கின்றன.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவானால் நாளொன்றுக்கு 10.8 ஜிபி பிடிக்கும். கேமராவுக்கு 2 மெகாபிட் என்று நான்குக்கும் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 86 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க் பதினோரு நாள் கழிந்ததும் நிரம்பி, பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கிவிடும். 2 டெராபைட்டில் 23 நாள் கிடைக்கும். எச்.265 முறையில் சுருக்கினால் பழைய எச்.264-க்கு வேண்டியதில் ஏறக்குறையப் பாதி இடமே போதும் என்பதால், அந்த வசதி இல்லாத பெட்டியை மலிவு என்று வாங்குவதில் பொருளில்லை. கோடையில் பெற்றோர் எங்களிடம் வந்தால் மூன்று வாரம் தங்குவார்கள். திரும்பிப் போய்ப் பூட்டைத் திறக்கும் அன்றுதான் எது நடந்திருந்தாலும் தெரியவரும் என்பதால் 2 டெராபைட்டுக்குக் கீழே நான் யோசிக்கவே இல்லை. கணினிக்கான டிஸ்க்கைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரவும் பகலும் எழுதுவதற்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றை, பில்லில் பெயர் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்தால் இடம் மிச்சமாகும் என்பார்கள். போர்ட்டிகோ கேமராவைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், போதாததற்குச் சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும். இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டு அந்த வலை வெள்ளைக் கயிறுபோல ஆடுவதெல்லாம் அசைவாகத்தான் பதிவாகிறது. அதே நேரம், தொலைவில் மெதுவாக வரும் ஆளைப் பெட்டி கவனிக்காமல் விடவும் கூடும். ஆளை அடையாளம் காணும் வசதியை எச்சரிக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பதிவை 24 மணி நேரமும் ஓடவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

திருட்டுச் செய்திகளில் ‘டிவிஆர் பெட்டியையும் தூக்கிச் சென்றனர்’ என்ற வரியை அடிக்கடி படிக்கிறோம். பெட்டியை டிவிக்குக் கீழே வைக்கும் வழக்கம்தான் அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. பூட்டக்கூடிய, ஆனால் காற்றோட்டமுள்ள அலமாரியோ லாஃப்டோ நல்லது. பெட்டியோடு சேர்த்து, கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் இணைய ரவுட்டரும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்தடையின்போது பெட்டி மட்டும் விழித்திருந்து வெறும் கறுப்புத் திரையைப் பதிவு செய்யும்.

கேமராக்களிலும் டிவிஆர்களிலும் மாற்றப்படாமல் கிடந்த தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டுதான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. எனவே மாட்டுபவர் வைத்துவிட்டுப் போகும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்பு கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருப்பதால், வாங்கும் மாடலுக்கு மத்திய அரசின் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்று இருக்கிறதா என்று கடையிலேயே கேட்கலாம்.

பதிவு நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, பதிவின் ஹாஷ் மதிப்பைக் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் எண்) குறிப்பிடும் சான்றிதழ் வேண்டும். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது அதற்கு ஈடாகாது. அதனால் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், முந்தைய இரவின் பத்து நிமிடப் பதிவை நேரத்தைச் சொல்லித் தேடி, பென் டிரைவில் இறக்கி, வேறொரு கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் ஓடும் நேரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.