ஜாகர்ஸ் கேட்டால் ஷூ வரும்

நாம் டிராக் பேன்ட் என்று சொல்வதற்கு பிரிட்டன்காரர்களின் பேச்சில் 'டிராக்கி பாட்டம்ஸ்', 'டிராக்கீஸ்', 'ஜாகர்ஸ்' என்று பல பெயர்கள். பழக்கதோஷத்தில் 'பேன்ட்ஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அதற்கு ஜட்டி என்றுதான் பொருள். லங்காஷயர் பக்கம் கால்சட்டையையே பேன்ட்ஸ் என்பவர்களும் உண்டு. ஆனால் அதை நம்பி மற்ற ஊர்களில் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் அதே உடுப்பு 'டிராக்கி டாக்ஸ்' ஆகிவிடும். இந்த 'டாக்ஸ்' (daks) எனக்கு மிகவும் பிடித்த சொல். லண்டனின் சிம்ப்சன் நிறுவனம் 1934இல் பெல்ட் இல்லாமலே இடுப்பில் நிற்கும் கால்சட்டையை அந்தப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடல் தாண்டிப் போன பெயர் அங்கே எந்தக் கால்சட்டைக்கும் பொதுப்பெயராகி, வினைச்சொல்லாகவும் மாறிவிட்டது. ஒருவருடைய கால்சட்டையைச் சட்டென்று கீழே இழுத்துவிட்டால் அது 'டாக்கிங்'. அதே குறும்புக்கு பிரிட்டனில் பழைய சொல் 'டிபேகிங்'.

அதிகம் தடுமாற வைப்பது ஜாகர்ஸ். லண்டனில் அது கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. சிட்னியில் பலருக்கு அது ஓடும் ஷூ. மெல்போர்னில் அந்த ஷூவை 'ரன்னர்ஸ்' என்பார்கள், பிரிட்டனில் 'டிரெய்னர்ஸ்'. பள்ளி உடற்பயிற்சி வகுப்புக்கான மெல்லிய கான்வாஸ் ஷூவுக்கு பிரிட்டனுக்குள்ளேயே ஊருக்கு ஒரு பெயர்: பொதுவாக 'பிளிம்சோல்ஸ்', வேல்ஸிலும் பிரிஸ்டல் பக்கத்திலும் 'டாப்ஸ்' (daps), வட அயர்லாந்தில் 'கட்டீஸ்'.

'தாங்ஸ்' விஷயத்தில் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் அது ரப்பர் செருப்பு. பிரிட்டனில் மிகச் சிறிய உள்ளாடை.

நீச்சலுடை என்றால் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே மாநிலம் பார்த்துப் பேச வேண்டும். குயின்ஸ்லாந்தில் அது 'டாக்ஸ்' (togs): தமிழில் எழுதினால் கால்சட்டை 'டாக்ஸ்' போலவே தெரியும், ஆனால் வேறு சொல். நியூ சவுத் வேல்ஸில் 'காஸி' அல்லது 'ஸ்விம்மர்ஸ்', விக்டோரியாவில் 'பேதர்ஸ்'. ஆண்கள் அணியும் இறுக்கமான சின்ன நீச்சல் ஜட்டிக்கு மட்டும் 'பட்ஜி ஸ்மக்லர்ஸ்', அதாவது கிளி கடத்துபவர்கள்! உருவகத்தை விளக்கத் தேவையில்லை.

ஆஸ்திரேலியக் கால்பந்தின் கையில்லாத மேல்சட்டை 'கெர்ன்ஸி'. ஒருவருக்கு கெர்ன்ஸி கிடைத்தது என்றால் அணியில் இடம் கிடைத்தது என்று அர்த்தம். அலுவலகத்தில் ஒரு பொறுப்புக்குத் தேர்வானாலும் அப்படியே சொல்வார்கள்.