பந்திக்கு முந்து: சிங்கப்பூரில் ஒரு சட்டம் வரிசைக்கு வரும் விதம்

நாடாளுமன்றத்தில் ஏதோ ஒரு மசோதா தாக்கலானதாகச் செய்தி வந்ததும் நம்மவர் வாட்ஸ்அப் குழுக்கள் சூடு பிடிக்கும். "நம்ம சங்கம் சார்பா ஒரு கடிதம் போடணும்" என்று ஒருவர் சொல்வார். செயலாளர் ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி அனுப்புவார். ஒரு வாரத்தில் மரியாதையான பதில் வரும். அதோடு சரி. கடிதத்தில் குறை இருக்காது. முதல் வாசிப்புக்கு, அதாவது அவையில் முறைப்படி அறிமுகமாகும் கட்டத்துக்கு, வந்த மசோதா அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஏறத்தாழ முடிவாகிவிட்ட ஒன்று, அவ்வளவுதான். பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தால் யார் பரிமாறுவார்கள்?

நம் ஊரின் அமைப்பே கொஞ்சம் விசித்திரமானது. மற்ற நாடுகளில் குப்பை, சாலை, சந்தைக் கடை உரிமம் எல்லாம் மாநகராட்சி பாடு, தற்காப்பும் வரியும் மத்திய அரசு பாடு. இங்கே மாநகர சபையின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது 1959-ல். இன்றைய நகர மன்றங்கள் புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும், அதற்கான துணைவிதிகளைப் போடும், அதற்கு மேல் இல்லை. ஆகவே பூனை வளர்ப்பதும் வேலையிடப் பாகுபாடும் போர்விமானச் செலவும் ஒரே அவையின் நேரத்துக்குப் போட்டி போடுகின்றன. அந்த அவையோ மாதத்துக்கு ஒருமுறை, சில நாள் கூடுகிறது. எது முதலில், எது அடுத்த வருஷம், எதற்குச் சட்டமே வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே பிரித்தாக வேண்டும்.

அந்தப் பிரிப்பு அமைச்சுகளில் தொடங்குகிறது. ஓர் அமைச்சு ஒரு பிரச்சினையை எடுத்தால் முதலில் கேட்கும் கேள்வி, "இதற்குச் சட்டம் தேவையா?" என்பது. பல நேரம் தேவைப்படாது. அமைச்சர் வெளியிடும் துணைச் சட்டம் போதும், அல்லது உரிம நிபந்தனையை மாற்றினால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ ஆண்டு முணுமுணுப்புக்குப் பிறகு 2022-ல் மக்கள் கருத்துக் கேட்டார்கள். 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமத்தோடு, என்று ஆனது. அதற்காகப் புதிதாக ஒரு சட்டம் இயற்றவில்லை, விதிகளைத்தான் மாற்றினார்கள். உங்கள் கோரிக்கை இந்த வகை என்றால் நாடாளுமன்றத்தைத் துரத்துவது வீண். நேரே சம்பந்தப்பட்ட அரசாங்க அமைப்பின் கருத்துக்கேட்புக்குப் போங்கள்.

சட்டம்தான் வேண்டும் என்றால் அமைச்சு கொள்கையை எழுதி அமைச்சரவை ஒப்புதல் வாங்கும். பிறகு தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தில் வரைவு எழுதுபவர்களுக்குக் குறிப்பு போகும். வரைவு பலமுறை போய்வரும். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் மற்ற அமைச்சுகளின் சம்மதம் வேண்டும். வெளியில் இருப்பவருக்கு இந்தக் கட்டம் கண்ணில் படாது. ஆனால் இது எப்போது நடக்கிறது என்பதை நாள்காட்டியிலிருந்து ஊகிக்கலாம்.

மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். முதலாவது, நாடாளுமன்றம் கூட்டத்தொடரைத் தொடங்கும்போது அதிபர் ஆற்றும் உரை. அதிபர் வாசித்தாலும் எழுதுவது அரசாங்கம். 15-ஆவது நாடாளுமன்றத்துக்கு 2025 செப்டம்பர் 5-ஆம் தேதி அது நடந்தது. உரையைவிட முக்கியமானவை, ஒவ்வோர் அமைச்சும் தனித்தனியாக வெளியிடும் இணைப்புகள். "பரிசீலிப்போம்" என்று எழுதியிருந்தால் இன்னும் கதவு திறந்திருக்கிறது. "சட்டம் கொண்டுவருவோம்" என்றிருந்தால் கதவு பாதி மூடியாயிற்று, உட்பிரிவுகளைப் பற்றி மட்டும் பேசலாம். ஐந்தாண்டுத் தவணையின் நடுவில் கூட்டத்தொடரை முடித்துப் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. 2023 ஏப்ரலில் அப்படிச் செய்தார்கள், அப்போதும் புது இணைப்புகள் வந்தன.

இரண்டாவது, ஆகஸ்டில் பிரதமர் ஆற்றும் தேசிய தினப் பேரணி உரை. மூன்றாவது, வரவுசெலவுத் திட்டத்தை அடுத்து அமைச்சு அமைச்சாக நடக்கும் செலவின ஒதுக்கீட்டு விவாதம். ஏப்ரல் 1-ஆம் தேதி நிதியாண்டு தொடங்குவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும். உறுப்பினர்கள் இதில் பேசுவதற்கு 'வெட்டுத் தீர்மானம்' கொடுப்பார்கள். அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம் அது. கோடிக்கணக்கான வெள்ளியில் நூறு வெள்ளியைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று சிரிக்க வேண்டாம். அது பேசுவதற்கான அனுமதிச் சீட்டு, கடைசியில் பெரும்பாலும் மீட்டுக்கொள்வார்கள். அமைச்சர் அந்த விவாதத்தின் பதிலில் சொல்லும் ஒரு வாக்கியம் பதிவாகிவிடும், அடுத்த ஆண்டு அதைக் காட்டிக் கேட்கலாம். ஒவ்வோர் அமைச்சுக்கும் நேரம் கணக்குப் போட்டு ஒதுக்கியிருப்பதால், உங்கள் உறுப்பினர் இதில் பேச வேண்டுமென்றால் ஜனவரியிலேயே அவர் கையில் விவரம் இருக்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த ஆண்டுதான்.

ஒரு சட்டத்தை முழுசாகப் பின்தொடர்ந்து பார்ப்போம். நம் சமூகத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: வேலையிட நியாயச் சட்டம். இனம், சமயம், மொழி, வயது, உடற்குறை, மனநலம் முதலிய காரணங்களால் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். 2021 ஜூலையில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்புக் குழு அமைந்தது. அடுத்த மாதமே பேரணி உரையில் பிரதமர் இதைச் சட்டமாக்குவதாக அறிவித்தார். 2023 பிப்ரவரியில் 20 பரிந்துரைகளோடு இடைக்கால அறிக்கை. கருத்துகளைக் கேட்டபின் ஆகஸ்டில் இறுதி அறிக்கை, அதில் 22 பரிந்துரைகள். கூடுதலாக வந்தவற்றில் ஒன்று, உடற்குறையுள்ளோருக்கு வேலையிடத்தில் செய்து கொடுக்க வேண்டிய வசதிகள் குறித்த வழிகாட்டி. மசோதா 2024 நவம்பரில் வந்தது, 2025 ஜனவரி 8-ஆம் தேதி நிறைவேறியது. தகராறுகளை எப்படித் தீர்ப்பது என்ற இரண்டாவது மசோதா 2025 நவம்பரில் நிறைவேறியது. 2027 இறுதிக்குள் நடப்புக்குக் கொண்டுவருவது திட்டம்.

இதில் வெளியாட்கள் புகுந்து எதையாவது மாற்றக்கூடிய இடைவெளி எது? 2023 பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையிலான ஆறு மாதம். 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டு விலக்கு என்பது அந்த இடைக்கால அறிக்கையிலேயே இருந்தது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தில், இருக்கும் பெரும்பாலான கடைகளும் உணவகங்களும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆக, நம்மவர் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் அதிகம் பொருந்தக்கூடிய வரி இதுதான். 2025 ஜனவரியில் விவாதம் நடந்தபோது பல உறுப்பினர்கள் அதைப் பற்றிக் கேட்டார்கள், வரி மாறவில்லை. மாறாது என்பதில் ஆச்சரியமும் இல்லை. முத்தரப்பும் கைகுலுக்கி முடித்த ஓர் எண்ணை அவையில் பிரித்தால் மொத்த உடன்பாடும் தளர்ந்துவிடும் என்று அமைச்சு நினைக்கும்.

இணையத்தள ஊழியர்களுக்கான, அதாவது செயலி வழியாக வாடகை வண்டி ஓட்டுவோர், பொருள் விநியோகிப்போர் போன்றவர்களுக்கான, சட்டமும் இதே தடத்தில்தான் வந்தது. 2021 செப்டம்பரில் ஆலோசனைக் குழு, 2022 நவம்பரில் 12 பரிந்துரைகளுக்கு ஒப்புதல், 2024 செப்டம்பரில் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடப்பு. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மத்திய சேமநிதியில் கூடுதல் சந்தா கட்டாயம், அதற்கு முன் பிறந்தவர்களுக்கு விருப்பம். அந்த வயது வரம்பும் மசோதாவுக்கு முன்பே, குழு அறிக்கையிலிருந்து வந்ததுதான்.

எல்லாமே இப்படி மூன்று நான்கு வருஷம் இழுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவசரம் என்று அரசாங்கம் முடிவெடுத்தால் வேகம் வேறு. 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி கொவிட் தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தின் மூன்று வாசிப்புகளும் ஒரே நாளில் முடிந்தன. 2025-ல் மின்சிகரெட்டில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலப்பது பெருகியபோது சட்டத்தைக்கூடத் தொடவில்லை. ஆகஸ்டில் பேரணி உரையில் பிரதமர் சொன்னார், செப்டம்பர் 1 முதல் அது 'சி' பிரிவுப் போதைப்பொருள். பட்டியலை மாற்ற அமைச்சருக்கு இருக்கும் அதிகாரத்தை வைத்தே தற்காலிக ஏற்பாடாகச் செய்துவிட்டு, நிரந்தரச் சட்டத்தைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

லிட்டில் இந்தியா கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி கலவரம். 2014 பிப்ரவரியில் ஓராண்டுக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சட்டம். விசாரணைக் குழு அறிக்கை ஜூனில். 2015 ஜனவரியில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏப்ரல் 1 முதல் நடப்பு: இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடைகளில் வாங்கிச் செல்லவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் இன்னும் கடுமையான கட்டுப்பாட்டு வட்டாரங்கள். கலவரத்தால்தான் இந்தச் சட்டம் வந்தது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. மதுக் கட்டுப்பாடு பற்றி உள்துறை அமைச்சு மக்கள் கருத்தைக் கேட்கத் தொடங்கியது கலவரத்துக்கு முன்பே. கோப்பு ஏற்கெனவே மேசையில் இருந்தது, கலவரம் அதை மேலே தூக்கிப் போட்டது. கோப்பு இல்லாத விஷயத்துக்கு எவ்வளவு பெரிய சம்பவம் நடந்தாலும் ஓராண்டில் நிரந்தரச் சட்டம் எழுத முடியாது.

எனவே கோப்பைத் திறக்க வைப்பதுதான் வேலை. அதற்கு உறுப்பினரிடம் இருக்கும் மலிவான கருவி, கேள்வி. ஓர் அமர்வுக்கு ஒருவர் ஐந்து கேள்வி கொடுக்கலாம், அதில் வாய்மொழிப் பதிலுக்கு மூன்றுதான். ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம்; பட்டியலில் கீழே இருப்பவை எட்டாமலே போகும். புள்ளிவிவரம் வேண்டுமானால் எழுத்துப் பதிலே நல்லது, நேரம் போதாமல் போகும் கவலை இல்லை. உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்கும் இரவில் வரிசையில் நின்று ஐந்து நிமிஷத்தில் சட்டத் திருத்தம் பேசுவது பயன் தராது. அந்த மேசை உங்கள் வீட்டு வாடகைக்கும் வேலை அனுமதிக்கும் கடிதம் எழுதித் தரும் மேசை. கேள்வியின் வாசகத்தையே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தனிநபர் மசோதாவும் உண்டு, ஆனால் அபூர்வம். நியமன உறுப்பினர் (தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படுபவர்) வால்டர் வூன் கொண்டுவந்து 1995-ல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டமும், உறுப்பினர் லூயிஸ் இங் கொண்டுவந்து 2020-ல் நிறைவேறிய வனவிலங்குத் திருத்தமும் இந்த வகை. அரசுப் பணம் செலவாகும் மசோதா என்றால் அதிபரின் பரிந்துரையை அமைச்சர் தெரிவிக்காமல் நகராது. ஆகவே இந்த வழியை நம்பி ஆள் திரட்டுவது எனக்கு உவப்பில்லாத யோசனை.

கருத்துக்கேட்புக்கு எழுதுவது பற்றிக் கொஞ்சம். அமைச்சுகளும், மக்கள் கருத்தைத் திரட்டும் அரசாங்கத் தளமான ரீச்சும் வெளியிடும் ஆவணத்தில் எண் போட்ட பத்திகள் இருக்கும். பத்தி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். யாருக்குப் பாதிப்பு, எத்தனை பேருக்கு, மாற்று வாசகம் என்ன, இந்த மூன்றும் வேண்டும். "வெளிநாட்டு ஊழியர் விடுதிகளின் நிலைமை மோசம்" என்று எழுதினால் அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. 2023-க்கு முன் "விடுதிச் சட்டம் 1,000 படுக்கையோ அதற்கு மேலோ உள்ளவற்றுக்குத்தான் பொருந்துகிறது, சிறியவை வெளியே நிற்கின்றன" என்று எழுதியிருந்தால் அது சட்டத்தில் இருந்த ஓட்டை, அடைக்க முடியும். 2023 ஏப்ரலில் அந்த வரம்பை ஏழு படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே கடிதத்தை நூறு பேர் கையெழுத்து மாற்றி அனுப்புவது இன்னொரு தவறு. அதை ஒரே கருத்தாகத்தான் எண்ணுவார்கள். கருத்துக்கேட்பு முடிந்தபின் பல அமைச்சுகள் சுருக்கப் பதில் வெளியிடும். எந்தக் கருத்தை ஏன் ஏற்கவில்லை என்பது அதில் இருக்கும். அடுத்த முறை எழுதுவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மசோதாவின் நோக்கத்தை விவாதிக்கும் இரண்டாம் வாசிப்புக்குப் பிறகு, சில உறுப்பினர்கள் மட்டும் கூடி ஆராயும் தெரிவுக்குழுவுக்கு அது போவது அரிது, பெரும்பாலும் முழு அவையே குழுவாகி அன்றே முடித்துவிடும். மூன்றாம் வாசிப்பு முடிந்ததும் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் பார்க்கும். எந்த இனத்தையோ சமயத்தையோ பாதிக்கிறதா என்று 30 நாளில் அறிக்கை தர வேண்டும். நிதி மசோதாக்களும் அவசரச் சான்று பெற்றவையும் அங்கே போவதில்லை. பிறகு அதிபர் கையெழுத்து, அரசிதழ். அப்போதும் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டதாக எண்ணிக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். தொடக்க நாளை அமைச்சர் தனி அறிவிப்பில் சொல்வார், ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள்கூட வரலாம். சட்டங்களுக்கான அரசாங்க இணையத்தளத்தில் அந்தச் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும்.