என் பங்கு இரண்டு லிட்டர்

கோவை விமான நிலையத்திலிருந்து திருப்பூர் வீட்டுக்கு வந்து சேரும்போது காலை ஆறு மணி. காரிலிருந்து என் பெட்டியை இறக்கிய மச்சான் அதைக் கையில் வைத்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரர், என்மேல் பிரியமானவர், அதனால் உரிமையோடு கேட்டார். “இந்தத் தடவையும் இல்லீங்களா மாப்ள?”

இல்லை. சாக்லேட் இருந்தது, அப்பாவுக்கு ஸ்வெட்டர் இருந்தது, அம்மாவுக்கு ஒரு நல்ல காய்கறிக் கத்தி இருந்தது, பாட்டில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் வரி கட்டாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம் என்பது சுங்க விதி. எங்கள் சொந்தபந்தத்தில் வேறெந்தச் சட்டம் தெரியாதவர்களுக்கும் இது தெரியும். நான் குடிப்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதனாலேயே என் 2 லிட்டர் யாருக்கோ சேரவேண்டிய மிச்சம் என்று ஆறு வருஷமாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கில், ஸ்வேபிய ஆல்ப் என்ற மேட்டு நிலத்தில், ஆல்ப்ஷ்டாட் பக்கம். திருப்பூர்க்காரனுக்கு அது அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை. அங்கேயும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே பனியனும் ஜட்டியும் பின்னித் தைத்துப் பிழைத்திருக்கிறார்கள், தையல் பெரும்பாலும் போய்விட்டது, பின்னலாடைக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, நம் ஊர் நிட்டிங் கம்பெனிகளில் ஓடும் வட்டப் பின்னல் மெஷின்களில் பல அந்த வட்டாரத்திலிருந்து வந்தவை. நான் மெஷின் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். வேலையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போகும்போது எனக்கிருந்த பெரிய பயம் பீர்தான். முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம், வேலை முடிந்ததும், எல்லாரும் கை கழுவிக்கொண்டு வந்து ஒரு பெட்டி பீரைத் திறந்தார்கள். போர்மேன் என்னிடம் ஒன்றை நீட்டினார். நான் குடிப்பதில்லை என்றேன். “எப்போதுமேவா?” என்றார். எப்போதுமே என்றேன். உள்ளே போய், ஆப்பிள் சாறில் சோடா கலந்த அப்ஃபெல்ஷோர்லே ஒரு பாட்டில் எடுத்துவந்து கொடுத்தார். “ப்ரோஸ்ட்” சொல்லிப் பாட்டிலை இடிக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொடுத்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. அந்த நாட்டில் மது விற்கிற உணவகம் மதுவில்லாத பானம் ஒன்றையாவது, கடையிலேயே மலிவான மதுவைவிட விலை அதிகமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்பதைப் பின்னாடிதான் தெரிந்துகொண்டேன். படித்தபோது எனக்காகவே யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது.

அங்கே கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. கேக்கில் இருக்கும், கறிக் குழம்பில் ஒயின் இருக்கும். அந்தப் பக்கத்துப் பெயர்போன பிளாக் ஃபாரஸ்ட் கேக்கிலேயே செர்ரிச் சாராயம்தான் வாசனை. கிறிஸ்துமஸ் சந்தையில் கொதிக்கக் கொதிக்க ஒயின் ஊற்றிக் கொடுக்கிற கடையில், குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் பழச்சாற்றை வாங்கிக் கையைச் சூடு பண்ணிக்கொள்வேன். ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதிலும் அரை சதவீதம் வரை இருக்கலாம் என்பதால் அதையும் தொடுவதில்லை. என்னை உண்மையிலேயே வாட்டுவது வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேசையில் பேச்சு மாறிவிடும், எல்லாரும் ஒரு படகில் ஏறிப் போய்விட்ட மாதிரியும் நான் மட்டும் கரையில் நிற்கிற மாதிரியும் இருக்கும், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்னை ஒதுக்கவும் இல்லை, ஆனாலும் அந்த நேரத்தில் அம்மாவுக்கு போன் போட முடியாது, இங்கே நடுராத்திரி.

வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் ஷ்டுட்கார்ட்டில் பெரிய பீர்த் திருவிழா தொடங்கும். கம்பெனியில் ஆளுக்கு அரைக் கோழிக்கு ஒரு டோக்கனும் பீருக்கு இரண்டு டோக்கனும் கொடுப்பார்கள், அங்கே ஒரு குவளை என்பதே ஒரு லிட்டர். ஆக அங்கேயும் என் பங்கு 2 லிட்டர்தான். பக்கத்து பெஞ்சுக்காரருக்குக் கொடுத்துவிடுவேன். முடிந்ததும் நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஓட்டுவது நான்தான். போன வருஷம் பாதி வழியில் அந்த பெஞ்சுக்காரரின் மனைவி போன் செய்து கேட்ட ஒரே கேள்வி, வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பது.

இந்தத் தடவை ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி மூன்று வாரம் லீவு. சித்திரை வெயில். ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் மாமாவின் தோட்டத்துச் சாளையில் கிடா விருந்து. பையனுக்குப் பரீட்சை என்று அக்கா வரவில்லை. கொஞ்சம் முன்னாடியே கிளம்பலாம், புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தைப் பார்க்க வேண்டும் என்று மச்சானிடம் கேட்டேன். அவர் அந்த வழியே நூறு தடவை போயிருப்பார், உள்ளே போனதில்லை, சரி என்றார்.

ஊத்துக்குளி தாண்டி ரோட்டோரம் ஒரு பனைக்கடியில் தெளுவு விற்றார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பது எங்களுக்குத் தெளுவு. ஓலைப் பட்டையில் பிடித்துக் குடிக்கும்போது அந்த ஓலை வாசனைக்கே தனி ருசி. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அது தெளுவு, தடவாமல் விட்டால் புளித்துக் கள். கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது. கள் இறக்குவது எங்கள் உரிமை என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள், டாஸ்மாக்கில் அரசே விற்கலாம், மரத்திலிருந்து இறக்கினால் மட்டும் குற்றமா என்ற அவர்கள் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. மச்சான் இரண்டு பட்டை, நான் மூன்று.

ஈரோட்டைக் கடக்கும்போது எனக்கு எப்போதும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஞாபகம் வருவார்கள். 1921-ல் கள்ளுக்கடை மறியலில் பெரியார் சிறைக்குப் போனதும், அவர் மனைவியும் தங்கையும் வீதியில் இறங்கிவிட்டார்கள். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி பதில் சொன்னதாக எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். கள்ளுக்கு உதவக் கூடாதென்று பெரியார் தம் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்த கதையும் அந்தக் காலத்ததுதான். கருங்கல்பாளையம் பாலத்தில் காவிரி பாறை தெரியக் கிடந்தது.

ஆசிரமத்தில் மர நிழலும் கதர்க் கடையும் ஒரு அமைதியும். 1925-ல் ராஜாஜி இங்கே குடும்பத்தோடு வந்து தங்கித் தொடங்கியது. 1929-ல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு மாதப் பத்திரிகை இங்கிருந்து வந்தது, ராஜாஜிக்குத் துணையாக வேலை பார்த்தவர் கல்கி. பிற்பாடு ராஜாஜி சென்னை மாகாணத்துப் பிரதமரானபோது, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1. அப்போது திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் சேலத்தோடுதான். மதுவில் வந்த வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். இதைச் சொன்னதும் மச்சான், “அட, நம்ம கட்டற வரிக்கு அதுதான் ஆரம்பமுங்களா” என்று நின்றுவிட்டார், அவர் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர்.

அந்த மர நிழலில் எனக்கு நினைவுக்கு வந்தது காந்தியின் லண்டன் நாட்கள். 1888-ல் கப்பல் ஏறும் முன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, மது தொடமாட்டேன் என்பது. சட்டம் படிக்கிறவர்கள் அங்கே விருந்துகளில் உட்கார்ந்தே ஆகவேண்டும், நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின். அவர் குடிக்கமாட்டார் என்பதால், தங்கள் நால்வரில் ஒருவராக அவரைச் சேர்த்துக்கொள்ள எல்லாருக்கும் ஆசை, மூன்று பேர் இரண்டு பாட்டிலைக் காலி செய்யலாமே. அவரே எழுதி வைத்திருக்கிறார். பெட்டியை ஆட்டிப் பார்த்த மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சாளைக்குப் போனபோது ஆறு மணி. அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது, கொட்டகைக்குப் பின்னால் கட்டில் போட்டு ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாமா கூப்பிட்டார். “பீரு நாட்டுல இருந்துட்டு வந்து குடிக்கறதில்லைன்னா யாரு நம்புவா மாப்ள? ஒரு வாய் போடு, என்ன ஆயிரும்?” வேண்டாங்க மாமா என்றேன். மறுபடி சொன்னார், மறுபடி சொன்னேன், பக்கத்திலிருந்தவர் டம்ளரை என் கையில் திணிக்கப் பார்த்தார், ஊற்றியதைக் கீழே வைத்தால் மரியாதையா என்றார் இன்னொருவர். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் விட்டுவிடுவார்கள், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன் என்றால் காலிலேயே விழுவார்கள். வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் இங்கே மதிப்பில்லை, ஒரு காரணத்தை அதற்குத் துணைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. காரணம் என்னிடம் இருக்கிறது. அப்புச்சி காலத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது, இரண்டு ஏக்கர் எப்படிப் போனது என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கும் தெரியும், அவர் அப்பாதானே. விருந்தில் அவரைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது. நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அங்கே அத்தையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் முக்காலியிலும் திண்ணையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். சமைத்து முடித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் முடிந்து, அவர்கள் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் இவர்களுக்குச் சோறு. குழந்தைகள் தூங்கி விழுந்தன. “பத்து மணி ஆயிரும் கண்ணு, எப்பவும் இதுதான்” என்றார் அத்தை. நான் இலையைப் போடுங்கள், எல்லாரும் இப்போதே உண்ணலாம் என்றேன். தயங்கினார்கள். நான் முதலில் உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் குழந்தைகளை எழுப்பி உட்கார வைத்தார்கள், அப்புறம் இரண்டு பாட்டிகள், கடைசியில் அத்தையும். ஏழரை மணிக்குச் சூடாகக் கறிச்சோறு. அத்தை கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் கிடா விருந்தன்று சுடச்சுட உண்டது இதுதான் முதல் தடவை என்றார்.

கிளம்பும்போது பதினொன்றரை. மச்சான், அவர் சித்தப்பா, இன்னும் இரண்டு பேர், பின் சீட்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு. பள்ளிபாளையம் நெருங்கும்போது மச்சானின் போன் அடித்தது, அவர் எடுக்கிற நிலையில் இல்லை, நான் ஓரமாக நிறுத்தி எடுத்தேன். அக்கா.

“வண்டி யாரு ஓட்டறது?” என்றாள்.

நாந்தான்க்கா என்றேன்.

“செரி, மெதுவா வாங்க. நான் படுத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.