மருந்துக் கடைக்காரர் தீர்ப்பு சொல்லும் ஊர்

லண்டன் பக்கம் க்ராய்டனில் இருக்கிற என் அத்தை மகன், இனிமேல் அப்பப்போ கோர்ட்டுக்குப் போகவேண்டியிருக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினானோ இல்லையோ, அம்மா பதறிப்போய் "என்ன கேஸுடா?" என்று போனே போட்டுவிட்டார். கேஸ் ஒன்றும் இல்லை, அவன் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்லப் போகிறான். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன், சட்டம் படித்ததே இல்லை, இதற்குச் சம்பளமும் கிடையாது, வந்துபோகிற செலவைக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கிரிமினல் வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் இவனைப் போன்றவர்கள்தான். வழக்கமாக மூன்று பேர் சேர்ந்து ஒரு பெஞ்ச். சட்டத்தை எடுத்துச் சொல்லப் பக்கத்தில் சட்டம் படித்த ஆலோசகர் ஒருவர் இருப்பார், ஆனால் எதிரில் நிற்பவன் தப்பு செய்தானா இல்லையா என்பதில் அவர் தலையிடக் கூடாது. 1361-லேயே சட்டமாக எழுதப்பட்ட ஏற்பாடு இது. வருஷத்துக்குக் குறைந்தது 13 நாள் உட்கார வேண்டும். 2024 நவம்பரில் இவர்களுடைய அதிகாரத்தை உயர்த்தி, ஒரு குற்றத்துக்கு ஓராண்டு வரை ஜெயில் போடலாம் என்று ஆக்கினார்கள்.

இதற்கு மேலேதான் சம்பள நீதிபதிகள். பெயரை வைத்து எடை போட்டால் குழப்பம்தான்: நம்மிடம் மாவட்ட நீதிபதி என்றால் அந்த மாவட்டக் கோர்ட்டுகளுக்கே தலை, அங்கே டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் கிட்டத்தட்ட கீழ்ப்படி. ரெக்கார்டர் என்று ஒரு வகை உண்டு, வக்கீல் தொழிலையும் விடாமல் வருஷத்தில் சில வாரம் மட்டும் நீதிபதியாக உட்காருவார். கிரவுன் கோர்ட்டில் கொலை, கொள்ளை போன்ற பெரிய வழக்குகள். அங்கே குற்றவாளியா என்று சொல்வது ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த 12 பேர். நீதிபதி சட்டத்தை விளக்குவார், அவர்கள் முடிவு சொன்ன பிறகு தண்டனையைப் போடுவார். அப்புறம் ஹைகோர்ட், அப்பீல் கோர்ட், எல்லாவற்றுக்கும் உச்சியில் 12 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட். அந்த சுப்ரீம் கோர்ட்டுக்கு வயசு ரொம்பக் குறைவு, 2009-ல்தான் திறந்தார்கள். அதுவரை பார்லிமென்ட்டின் மேல்சபையான பிரபுக்கள் சபைக்குள்ளேயே கடைசி அப்பீல்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஆள் எடுக்கிற முறைதான். முன்பெல்லாம் லார்ட் சான்சலர் என்கிற அமைச்சர், மூத்தவர்களிடம் ரகசியமாக விசாரித்துவிட்டு, ஒரு வக்கீலைக் கூப்பிட்டு "நீங்கள் வாருங்கள்" என்பார். 2005-ல் சட்டம் கொண்டுவந்து, மறு வருஷத்திலிருந்து நீதித்துறை நியமன ஆணையம் என்று ஒன்றை உட்கார வைத்தார்கள். 15 பேர், தலைவர் கட்டாயம் சட்டத்துறைக்கு வெளியே இருந்து வருபவர். காலியிடத்துக்கு விளம்பரம் வரும், விண்ணப்பம் போடலாம், பல பதவிகளுக்குத் தேர்வு எழுதவேண்டும், நேர்முகம் உண்டு. ஹைகோர்ட் நீதிபதி வேலைக்கு அப்ளிகேஷன்! நம்ம ஊரில் சிவில் ஜட்ஜ் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு இருக்கிறது, அது வரைக்கும் சரி. உயர் நீதிமன்றம் என்று வந்துவிட்டால் கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகளே கூடிப் பேசிப் பெயர் சொல்கிற குழு. சென்னை ஹைகோர்ட் பக்கம் பாரிமுனையில் எந்த டீக்கடையில் நின்றாலும் யார் பெயர் டெல்லிக்குப் போயிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. அதற்கு மாற்றாக வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசாங்கத்தின் கை ஓங்கிவிடும் என்ற பயம் நியாயமானதுதான், அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1862-ல் பிரிட்டிஷ்காரர்கள் ஆரம்பித்து வைத்த சென்னை ஹைகோர்ட்டில் கறுப்பு அங்கியும் மை லார்டும் இன்னும் நடக்கிறது. சாதாரண ஆளுக்கு இருந்த இடம்தான் போய்விட்டது. ஆனரரி மாஜிஸ்திரேட் என்று சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டுகள் இங்கேயும் இருந்தார்கள், ஈரோட்டில் பெரியாரே ஒரு காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர். ஜூரியும் இருந்தது, ஆளவந்தார் கொலை வழக்கை 1953-ல் ஜூரி வைத்துத்தான் விசாரித்தார்கள்.

அந்த ஆனரரி மாஜிஸ்திரேட் முறையைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று அத்தை மகனிடமே கேட்டேன். எழும்பூர் கோர்ட்டில் சின்னச் சின்ன கேஸுக்கெல்லாம் வாய்தா வாங்கி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அவன் சிரித்தான். "முதல் லிஸ்ட்டிலேயே கவுன்சிலரோட மச்சான் இருப்பானே" என்றான். அவன் ஊரில் உள்ளூர்க் குழு நேர்காணல் வைத்து, அதற்கு முன்னால் கோர்ட்டில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்று அனுப்பி, அப்புறம் பயிற்சியும் கொடுத்துத்தான் உட்கார வைத்தார்களாம். அந்தக் குழுவை இங்கே யார் நியமிப்பார்கள் என்று அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.