முன் சக்கர உதறல்: டேம்பருக்கு எந்த ஆயில்?

நான் கட்டிய இரண்டு இருக்கை விமானம் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் ஒரு ஹாங்கரில் நிற்கிறது. தரையிறங்கி, வேகம் 35 நாட் பக்கம் குறையும்போது முன் சக்கரம் இடமும் வலமுமாகப் படபடவென்று உதறத் தொடங்கும். ரட்டர் பெடல் வழியாக அது காலில் தெரியும், கூடவே பேனல் முழுக்க அதிரும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால் அடங்கும், பிரேக்கை அழுத்தினால் கூடும். இந்த ஷிம்மியைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிட முடியாது. முன் சக்கரக் கால் என்ஜின் மவுன்ட்டில்தான் பிடித்திருக்கிறது, உதறல் தொடர்ந்தால் அங்கே வெல்டு விரிசல் விடும்.

உதறலை அடக்குவதற்காக முன் சக்கரக் காலில் டேம்பர் என்ற, ஆயில் நிரம்பிய சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதன் ஆயிலைத் தொடும் முன் மற்றதையெல்லாம் சரி செய்தேன். வாலில் மணல் மூட்டையைக் கட்டி மூக்கைத் தூக்கிவிட்டு, சக்கரத்தைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். டார்க் லிங்க் (காலின் மேல், கீழ்ப் பாகங்களை இணைக்கும் கத்தரி போன்ற இணைப்பு) புஷிங்கிலும், டேம்பர் ராடு வந்து சேரும் போல்ட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. போல்ட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்பது சக்கரத்தின் ஓரத்தில் பல மில்லிமீட்டர். அந்த அளவுக்குள் சக்கரம் எவ்வளவு உதறினாலும் டேம்பரின் பிஸ்டன் அசையவே அசையாது, எந்த ஆயில் ஊற்றினாலும் பயனில்லை. புஷிங் மாற்றி, டயரை பேலன்ஸ் செய்து, காற்றழுத்தத்தையும் சரி பார்த்தேன். அப்புறம் காலை நேரத் தரையிறக்கங்களில் உதறல் நின்றுவிட்டது. வெயில் ஏறிய மதியங்களில் மட்டும் தொடர்ந்தது. வெப்பத்தோடு வந்து போகிற கோளாறு என்றால் டேம்பருக்குள் இருக்கும் திரவத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளே இருந்தது சிவப்பு நிற எம்.ஐ.எல்-5606. செஸ்னா 172 போன்ற விமானங்களின் ஷிம்மி டேம்பரிலும் பிரேக்கிலும் காலங்காலமாக ஊற்றும் கனிம எண்ணெய்தான். கடுங்குளிரிலும் இறுகிவிடாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியது. அதனால் இயல்பிலேயே நீர்த்தது. 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை, அதாவது தடிப்பு, சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ் (எண் கூடினால் ஆயில் தடிப்பு). ஃபீனிக்ஸ் கோடையில் தார் தளத்தின் மேல், எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் இருக்கும் டேம்பர் 60 டிகிரியைத் தொடும்போது அது 10-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்படியானால் தடித்த ஆயில் ஊற்றினால் போதுமா? அது டேம்பரின் அமைப்பைப் பொறுத்தது. இந்த டேம்பர் ஒரு சின்ன சிலிண்டர், நடுவில் ஒரு பிஸ்டன், ராடு இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் நகரும்போது ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டும். வழி ஒரு மெல்லிய தகட்டில் போட்ட ஓட்டை என்றால் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், ஆயிலின் தடிப்பு அவ்வளவாகக் கணக்கில் வராது. நீண்ட குறுகிய துளையோ, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியோ என்றால் தடை பாகுத்தன்மைக்கு நேர் விகிதத்தில் கூடும். ஷிம்மிக்கு இரண்டாவதே நல்லது என்பது என் கருத்து. உதறல் எப்போதும் சின்ன அசைவில்தான் பிறக்கிறது. வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் தடை அந்தச் சின்ன அசைவில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

எனது டேம்பர் எந்த வகை என்று தெரிந்துகொள்ள பிரித்து அளக்கத் தேவையில்லை. சிலிண்டரை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, கீழ் ராடில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழ் முனை வரை இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று செல்போனில் வீடியோ எடுத்தேன். பிறகு 4 கிலோ. எடை இரட்டிப்பானால் நேரம் பாதியாகிறதா, அல்லது முன்பு ஆன நேரத்தில் 70 சதவீதமாக மட்டும் குறைகிறதா என்பதுதான் கேள்வி. பாதியானால் பாகுத்தன்மை ஆளுகிறது, 70 என்றால் ஓட்டை ஆளுகிறது. எனக்குக் கிட்டத்தட்ட பாதியானது. ஓ-ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உராய்வால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது பரவாயில்லை. ஆக, என் டேம்பரில் ஆயிலை மாற்றினால் பலன் உண்டு.

எதை ஊற்றுவது என்பதை முதலில் சீல்தான் முடிவு செய்கிறது. எனது ஓ-ரிங் நைட்ரைல் ரப்பர். கார் பிரேக் ஆயிலான டாட் 3, டாட் 4 கிளைக்கால் வகை, நைட்ரைலைக் கெடுத்துவிடும், சிந்தினால் பெயின்ட்டையும் உரிக்கும். பெரிய ஜெட் விமானங்களின் ஸ்கைட்ரால் இன்னும் மோசம். 5606-க்குப் பதிலாக வந்த செயற்கை ஆயிலான 83282 எளிதில் தீப்பிடிக்காது, நைட்ரைலுக்கும் ஒத்துப்போகும். ஆனால் வெப்பத்தில் அதுவும் ஏறக்குறைய 5606 அளவுக்கே நீர்த்தது, இந்தப் பிரச்சினைக்கு உதவாது. பக்கத்து ஹாங்கர்காரர் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலைச் சொன்னார். ஃபீனிக்ஸை விட்டு நகராத விமானம் என்றால் நானும் சரி என்றிருப்பேன். நான் குளிர்காலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் போகிறவன். சுமார் 7,000 அடி உயரம், காலையில் உறைநிலைக்குக் கீழே இருக்கும். அங்கே என்ஜின் ஆயில் தேன் மாதிரி ஆகிவிடும், பெடலை மிதித்தால் சக்கரம் திரும்பாது.

மிஞ்சியது சிலிகோன் ஆயில். ரேடியோ கன்ட்ரோல் கார்களின் ஷாக் அப்சார்பருக்காக ஹாபி கடைகளில் சின்ன பாட்டிலில் கிடைப்பது இதுதான். சில பாட்டில்களில் 'வெயிட்' என்று எண் போட்டிருக்கும். அது பிராண்டுக்கு பிராண்டு மாறும், சென்டிஸ்டோக்ஸ் அச்சிட்டிருப்பதையே வாங்க வேண்டும். நைட்ரைலுக்கு இது கேடு செய்யாது. சிலிகோன் ரப்பர் ஓ-ரிங் இருந்தால் மட்டும் ஊதிப்போகும். முக்கியமாக, வெப்பம் கூடினாலும் பாகுத்தன்மை மெதுவாகத்தான் குறையும். 25 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸ் இருப்பது 60 டிகிரியிலும் பாதிக்கு மேல் நிற்கும்.

முதலில் 350 சென்டிஸ்டோக்ஸ் சிலிகோன் ஊற்றிப் பார்த்தேன். 5606-ல் ஒன்றரை விநாடியில் இறங்கிய அதே 2 கிலோ இப்போது அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. மெதுவாக டாக்ஸி செய்யும்போதே பெடல் கனத்தது. திருப்பத்தில் டேம்பரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வளைவது கண்ணுக்கே தெரிந்தது. டேம்பர் அளவுக்கு மீறி இறுகினால் பூட்டிய கம்பி போலாகிவிடும். பிறகு உதறல் பிராக்கெட்டின் வளைவிலும் காலின் முறுக்கத்திலும் நடக்கும், ஆற்றலை உறிஞ்ச யாரும் இல்லை. அதை வடித்துவிட்டு 100 ஊற்றினேன். எடை இறங்க எட்டு விநாடி ஆனது. பெடல் இலகுவாக இருந்தது.

ஊற்றும் வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அது முதலில் அமுங்கும், ஆயில் நகராது. சின்ன அசைவில் டேம்பர் செத்த மாதிரிதான். சிலிகோனில் குமிழி மெதுவாக மேலேறும், அதுவும் சீலின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டரைச் சாய்த்து, துளை மேலே இருக்கும்படி வைத்து, ராடை மெல்ல முழு நீளமும் தள்ளி இழுத்து, ஒரு ராத்திரி அப்படியே நிற்கவிட்டு, காலையில் மீண்டும் செய்தேன். சரியாக நிரம்பியதை விரலே சொல்லும். ராடைத் தட்டினால் முதல் மயிரிழையிலிருந்தே எதிர்ப்பு தெரிய வேண்டும்.

இப்போது மதிய வெயிலிலும், வேகம் 35 நாட்டைக் கடந்து குறையும்போது முன் சக்கரம் அமைதியாக இருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃபிலும் இறங்கிப் பார்த்தேன். அந்த உயரத்தில் மீட்டரில் அதே வேகம் காட்டினாலும் தரை வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், உதறலுக்கு அதிக வாய்ப்பு. அங்கும் வரவில்லை.

குறைகளும் உண்டு. சிலிகோன் 5606-ஐ விடக் கொஞ்சம் அதிகமாக விரியும், வெயிலில் ராடு ஓரத்தில் மெல்லிய ஈரம் கசிகிறது. கசிந்தால் குளிர் காலையில் உள்ளே வெற்றிடம் விழும். அதற்கு ஸ்பிரிங் வைத்த சின்ன ஈடுகட்டும் அறை ஒன்றைக் கடைந்துகொண்டிருக்கிறேன். சிலிகோன் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, பொட்டுப் பொட்டாகக் குழி விழும். ஆகவே பெயின்ட் அடிக்கும் இடத்துப் பக்கமே பாட்டிலைக் கொண்டுபோவதில்லை.

இதெல்லாம் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கான எக்ஸ்பெரிமென்டல் பதிவு என்பதால் செய்ய முடிந்தது. சான்றிதழ் பெற்ற செஸ்னாவில் மேனுவல் சொன்ன ஆயில்தான். சிலிகோனும் சிவப்பு ஆயிலும் கலக்காது. அதனால் லாக் புத்தகத்தில் எழுதியதோடு, சிலிண்டர் மேலேயும் 'சிலிகோன் 100 மட்டும்' என்று பெரிதாக லேபிள் ஒட்டியிருக்கிறேன்.