ஏணி ஏறாமல் தொட்டி பார்க்க
நீர்த்தடை நாள்களில் கூரைக்கடியிலுள்ள தொட்டியைப் பார்க்க அம்மா ஏணி ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையான ஈஎஸ்பி32ஐயும் மீயொலி உணரியும் வாங்கினேன். உணரி அனுப்பும் ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிடலாம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். நண்பகலில் எங்கள் கூரைக்கடியில் 40 டிகிரியை எட்டும்போது அது 355ஐத் தொடுவதால், கணக்கு பிசகாதிருக்க வெப்ப உணரி ஒன்றையும் சேர்த்தேன்.

முதல் பலகை இரண்டே நாளில் செயலிழந்தது. எதிரொலி வந்ததைத் தெரிவிக்கும் உணரியின் எக்கோ முனை 5 வோல்ட் அனுப்புகிறது. பலகையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கு உரியவை. இடையில் 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளை இணைத்து மின்னழுத்தத்தைக் குறைத்த பிறகு சிக்கலே இல்லை. இப்போது அம்மா அடுப்படியில் நின்றபடியே கைப்பேசியைப் பார்த்து, “முக்கால் தொட்டி இருக்குப்பா” என்கிறார்.