நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது

அப்பாவின் நுரையீரலில் பெரிய குறை ஏதுமில்லை என்று மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் 16 நாட்களாக அவர் ஏன் வென்டிலேட்டரில் கிடக்கிறார்? மருத்துவர் சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக, படத்தில் தெரியாத அளவுக்கு இருக்க வேண்டிய நுரையீரல் உறை, இருபுறமும் வெள்ளைப் பட்டையாகத் தடித்திருந்தது.

நுரையீரலைப் போர்த்திய படலமும் விலாக்கூட்டின் உட்புறப் படலமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதற்கென நடுவே சில மில்லி நீர் உண்டு. அப்பாவுக்கு அந்த இடமே தழும்பாக இறுகிவிட்டது. காசநோய், சீழ், ஆஸ்பெஸ்டாஸ் தூசி, வாதநோய்கள், சில மருந்துகள் என வழக்கமான காரணங்களைத் தேடினார்கள், எதுவும் அகப்படவில்லை. காரணம் தெரியாமல் இருபுறமும் உறை இறுகும் இந்நோயை 1988இல் பிரிட்டன் மருத்துவர்கள் விவரித்த கட்டுரையில் இருந்தவர்கள் நான்கே நோயாளிகள்.

கருவியிலிருந்து விடுவிப்பதை அங்கே ‘வீனிங்’ என்கிறார்கள். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கருவியின் உதவியைக் குறைத்து அரை மணி நேரம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 38 மூச்சு, ஒவ்வொன்றும் 210 மில்லி. முதல் எண்ணை, லிட்டரில் சொன்ன இரண்டாவதால் வகுத்தால் 105க்குள் வர வேண்டும் என்று செவிலியர் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு வந்தது 181. கழுத்துத் தசைகள் கயிறாகப் புடைத்து நின்றன. ஆக்சிஜன் 96இல் அசையாமல் இருந்ததைப் பார்த்து மனம் தேறியது எங்கள் அறியாமை; இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருந்தது. கருவி அழுத்தித் தள்ளும்வரை காற்று உள்ளே போகும். அது கையை எடுத்ததும், இறுகிய கூட்டை விரிக்கும் வேலை முழுவதும், படுக்கையில் இளைத்துப்போன உதரவிதானத்தின், அதாவது நுரையீரலுக்குக் கீழிருந்து மூச்சை இழுக்கும் தசையின், தலையில் விழும்.

ஸ்டீராய்டு பலன் தரவில்லை. மிஞ்சியது டீகார்டிகேஷன், அதாவது மரத்துக்குப் பட்டை உரிப்பதுபோல் தடித்த உறையை உரித்தெடுக்கும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிய அறுவை சிகிச்சை. இரத்தப்போக்கு அதிகம், காற்றுக் கசியும் என்றெல்லாம் எச்சரித்துவிட்டு, உள்ளே இருப்பது விரியக்கூடிய நுரையீரல் என்பதால்தான் இதற்கே துணிகிறோம் என்றார் அறுவை மருத்துவர். முதல் மருத்துவர் சொன்னது நல்ல செய்தி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வலப்பக்கம் முடிந்த 11ஆம் நாள், கழுத்துக் குழாயோடு மறுபடியும் தானாக மூச்சுவிட வைத்துப் பார்த்தார்கள். 24 மூச்சு, 340 மில்லி. கைப்பேசியில் வகுத்தேன்: 71.